மலை பார்க்கப் போகிறோமா, கடை பார்க்கவா?

கேள்வி: நானும் என் கணவரும் நியூ ஜெர்சி எடிசனில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறோம். அடுத்த மாதம் டென்னசியில் உள்ள ஸ்மோக்கி மலைக்குக் காரிலேயே கூட்டிப்போகிறானாம். வழியில் எங்கெங்கே நிற்பது என்று மகனும் மருமகளும் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். பார்த்தால் பூராவும் கடைகளும் செயின் ரெஸ்டாரண்ட்டுகளும்தான்: வாவா, ஷீட்ஸ், கிராக்கர் பேரல், வாஃபிள் ஹவுஸ், டாக்கோ பெல், பக்கீஸ், நடுவில் இரண்டு வால்மார்ட், ஒரு காஸ்ட்கோ. ஒரு பெட்ரோல் பங்க்கைச் சுற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்! நாங்கள் சைவம். நான் முட்டையும் தொடமாட்டேன். என் கணவரோ ரைஸ் குக்கரை டிக்கியில் ஏற்றாமல் வண்டி நகராது என்கிறார். இதுவும் ஒரு சுற்றுலாவா? வேண்டாம் என்றால் பிள்ளைகள் மனசு கோணும். நான் என்ன செய்யட்டும்?
– வாசகி, கும்பகோணம் (தற்சமயம் எடிசன்)

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள் அம்மா. பட்டியலில் சிலவற்றை மட்டும் அடித்துவிட்டுப் போங்கள். எதை அடிப்பது, எதை வைத்துக்கொள்வது என்று சொல்கிறேன்.

வழியெல்லாம் கடையாக இருப்பதற்கு உங்கள் மகனைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சாலைகளே அப்படி அமைந்தவை. மாநிலம் விட்டு மாநிலம் போகும் நெடுஞ்சாலைகளை இன்டர்ஸ்டேட் என்று சொல்கிறார்களே, அவை ஐசனோவர் அதிபராக இருந்தபோது 1956-இல் வந்த சட்டத்தால் போடப்பட்டவை. அந்தச் சாலைகளை ஒட்டி அரசு கட்டும் ஓய்விடங்களில் ஹோட்டலோ பெட்ரோல் பங்க்கோ நடத்தக் கூடாது. 1960-க்கு முன்பே இருந்தவற்றுக்கு மட்டும் விலக்கு. அதனால் வியாபாரம் முழுக்க சாலையைவிட்டு இறங்கும் 'எக்ஸிட்' வாசல்களில் போய்க் குவிந்துவிட்டது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் நியூ ஜெர்சி டர்ன்பைக் 1951-லேயே வந்த சாலை என்பதால் அதில் சாலையோரத்திலேயே சாப்பாட்டுக் கடைகள் இருக்கும். தெற்கே போகும் வழியில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

எக்ஸிட் வருவதற்கு முன்னால் ஒரு நீலப் பலகை தென்படும். சாப்பாடு, பெட்ரோல், தங்குமிடம் என்று தனித்தனிப் பலகைகள், ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் ஆறு கம்பெனிச் சின்னங்கள். மணிக்கு 70 மைல் வேகத்தில் போகிறவன் அந்த ஆறில் ஏற்கெனவே தெரிந்த சின்னத்தைப் பார்த்துத்தான் வண்டியைத் திருப்புவான். செயின் ரெஸ்டாரண்ட்டுகள் அங்கே கொழிப்பது இதனால்தான். ருசி அப்புறம்.

ஆனால் எல்லாச் செயினும் எல்லா ஊரிலும் கிடையாது. வால்மார்ட், காஸ்ட்கோ, டாக்கோ பெல் எல்லாம் எடிசனைச் சுற்றியே இருக்கின்றன, டென்னசியிலும் அதே அலமாரி, அதே டிராலிதான். வாவாவும் ஷீட்ஸும் பக்கீஸும் அப்படி இல்லை. அவற்றுக்கென்று சொந்த மண் உண்டு. நீலப் பலகையில் ஒரு பெயர் மறைந்து இன்னொன்று தலைகாட்டினால் நீங்கள் வேறொரு சீமைக்குள் வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மாநில எல்லைப் பலகையைவிட எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். ஆகவே அந்தப் பக்கத்துக்கே உரியவற்றை வைத்துக்கொள்ளுங்கள், எடிசனிலேயே பார்க்கக்கூடியவற்றை அடியுங்கள். காஸ்ட்கோவை முதலில் அடியுங்கள். எல்லாம் பெரிய பெரிய கட்டாக விற்கும் கடை அது. அங்கே போனால் வாங்காமல் திரும்ப முடியாது, வாங்கினால் டிக்கியில் இடமிருக்காது. வால்மார்ட்டில் ஒன்று போதும், அதுவும் தயிரும் வாழைப்பழமும் வாங்க. தயிர் டப்பாவின் பின்பக்கத்தில் 'ஜெலட்டின்' என்று இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள், அது விலங்கிலிருந்து எடுப்பது. ஒன்றும் கலக்காத வெறும் தயிராகப் பாருங்கள்.

இனி வழிக்கு வருவோம். மகன் அநேகமாக 78-ஆம் எண் சாலையைப் பிடித்து, ஹாரிஸ்பர்க் பக்கம் 81-இல் ஏறி, நேராகத் தென்மேற்கே இறக்குவான். போக மட்டும் சுமார் 700 மைல். ஒரே நாளில் ஓட்டிவிடலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வர்ஜீனியாவில் மட்டும் 81-ஆம் சாலை 300 மைலுக்கு மேல் ஓடுகிறது. அதில் எங்காவது ஓர் இரவு தங்கிவிடுங்கள்.

நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவின் கிழக்கிலும் வாவா. அதே மாநிலத்தில் மேற்கே நகர்ந்தால் ஷீட்ஸ். இரண்டும் பெட்ரோலும் சாண்ட்விச்சும் விற்கும் கடைகள், பால் வியாபாரத்திலிருந்து முளைத்தவை. ஆல்டூனா என்ற ஊரில் அப்பாவின் பால் கடைகளில் ஒன்றை மகன் 1952-இல் வாங்கி நடத்தியதுதான் ஷீட்ஸின் தொடக்கம். வீட்டுக்கு வீடு பால் போடும் தொழில் படுத்தபோது 1964-இல் திறந்த கடை வாவா. எது உசத்தி என்று பென்சில்வேனியாக்காரர்கள் அடித்துக்கொள்வார்கள், நீங்கள் நடுவில் போகாதீர்கள். உங்களுக்கு இங்கே ஒரு சௌகரியம் இருக்கிறது: தொடுதிரையில் நீங்களே ஆர்டர் போடலாம். ரொட்டி எது, காய் எது, சீஸ் வேண்டுமா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனால் போதும். கவுண்டரில் இருக்கும் பையனுக்குச் சைவத்தை விளக்கிச் சொல்லி மூச்சு வாங்க வேண்டியதில்லை.

வர்ஜீனியாவுக்குள் இறங்க இறங்க வாஃபிள் ஹவுஸின் மஞ்சள் பலகை கூடிக்கொண்டே வரும். 1955-இல் ஜார்ஜியாவில் தொடங்கியது. இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும், கிறிஸ்துமஸுக்கும் பூட்டு கிடையாது. புயல் அடித்த ஊரில் வாஃபிள் ஹவுஸ் திறந்திருக்கிறதா, பாதி மெனுவோடு ஓடுகிறதா, மூடிவிட்டதா என்று பார்த்துச் சேதத்தைக் கணிப்பாராம், அந்நாட்டுப் பேரிடர் மேலாண்மை அமைப்பின் தலைவராக இருந்த கிரெய்க் ஃபுகேட். அந்த அளவுக்குப் பிடிவாதமான கடை. ஆனால் உங்களுக்கு அங்கே சாப்பாடு கஷ்டம். வாஃபிள் என்பது கட்டம் கட்டமாக வார்க்கும் அப்பம் மாதிரி, அதன் மாவில் முட்டை இருக்கிறது. உருளைக்கிழங்குச் சீவலை வாட்டும் கல்லில்தான் பன்றி இறைச்சியும் வேகும். 'கிரிட்ஸ்' என்று கேளுங்கள். வெள்ளை மக்காச்சோளக் குருணையைக் குழைய வேகவைத்துத் தருவார்கள். உப்பும் வெண்ணெயும் போட்டு, கைப்பையில் பருப்புப் பொடி இருந்தால் அதையும் ஒரு சிட்டிகை தூவிக்கொள்ளுங்கள். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

பட்டியலில் கிராக்கர் பேரலை எக்காரணம் கொண்டும் அடிக்காதீர்கள். அங்கே சாப்பிடப் போவதாகக்கூட நினைக்க வேண்டாம், கடை பார்க்கப் போங்கள். ஷெல் பெட்ரோல் கம்பெனிக்கு விற்பனை ஆளாக இருந்த டான் எவின்ஸ் என்பவர் 1969-இல் டென்னசியில் லெபனான் என்ற ஊரில் திறந்தது. பழைய கிராமத்து மளிகைக்கடை மாதிரி ஜோடித்துவைத்தால் போகிறவர்கள் நிற்பார்கள், நின்றால் பெட்ரோலும் போடுவார்கள் என்பது அவர் கணக்கு. பெட்ரோல் பிற்பாடு போய்விட்டது, மளிகைக்கடை நிலைத்துவிட்டது. வாசல் திண்ணையில் வரிசையாக ஆடும் நாற்காலிகள். விற்பனைக்குத்தான், ஆனாலும் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். உங்கள் கணவரை ஒன்றில் உட்காரவைத்துவிட்டால் அரை மணி நேரத்துக்கு ரைஸ் குக்கர் பேச்சு வராது. சாப்பாட்டு மேஜையில் முக்கோணப் பலகையில் ஆணி குத்திய ஒரு விளையாட்டு இருக்கும். பேரப்பிள்ளைக்கு ஏதாவது வாங்க வேண்டுமென்றால் அதை வாங்குங்கள், பெட்டியில் எடை ஏறாது.

சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். தென்மாநிலச் சமையலில் பீன்ஸையும் கீரையையும் பன்றி இறைச்சி போட்டு வேகவைப்பது பரம்பரைப் பழக்கம். இந்தக் கடையின் பச்சை பீன்ஸிலும் டர்னிப் கீரையிலும் அது உண்டு. அதனால் 'சைவமா?' என்று பொதுவாகக் கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அவர்களைப் பொறுத்தவரை தட்டில் துண்டு கண்ணில் படாவிட்டால் சைவம். இறைச்சித் துண்டு, இறைச்சி வேகவைத்த தண்ணீர், கொழுப்பு மூன்றில் ஏதாவது இருக்கிறதா என்று மருமகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். வெண்டைக்காய் வறுவலைப் பார்த்ததும் கை நீளும். அதே எண்ணெயில் வேறென்ன பொரிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு நீட்டுங்கள்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. நம் ஊரிலிருந்து போகிறவர்கள் 'உருளைக்கிழங்குதானே' என்று மெக்டொனால்ட்ஸ் ஃப்ரைஸை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் அந்த ஃப்ரைஸில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி சேர்கிறது. 1990-இல் மாட்டுக்கொழுப்பை விட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டோம் என்று அறிவித்தார்கள், சுவையூட்டி மட்டும் தங்கிவிட்டது. 2001-இல் இந்துக்களும் மற்ற சைவர்களும் வழக்குப் போட, அடுத்த ஆண்டு கம்பெனி மன்னிப்புக் கேட்டு, இந்து அமைப்புகளுக்கும் சைவ உணவு அமைப்புகளுக்கும் மற்றவர்களுக்குமாக ஒரு கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகும் அங்கே செய்முறை மாறவில்லை. பசித்து நிற்கும்போது டாக்கோ பெல் உங்களுக்கு உதவும். அதனால் அதை 'பார்க்க வேண்டிய இடம்' பட்டியலிலிருந்து எடுத்து 'ஆபத்துக்கு' என்று தனியே எழுதி வையுங்கள். அவர்களுடைய பீன்ஸும் சாதமும் சைவம்தான். 2015-இல் அமெரிக்கச் சைவ உணவுச் சங்கத்தின் சான்றும் வாங்கியிருக்கிறார்கள். பீன்ஸை மெல்லிய ரொட்டியில் சுருட்டித் தரும் பீன்ஸ் புரிட்டோ என்று கேட்டு, கூட நாலு பாக்கெட் கார சாஸ் வாங்கிக்கொள்ளுங்கள். சிபோட்லே என்ற இன்னொரு செயின் தென்பட்டாலும் கவலையில்லை, அங்கேயும் இப்போது பீன்ஸ் சைவம்.

உட்கார்ந்து சாப்பிட்டுப் பரிமாறுகிறவர் வந்து கவனித்தால் பில்லில் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது அங்கே கட்டாயம் மாதிரி. கவுண்டரில் நீங்களே எடுத்துக்கொள்ளும் இடத்தில் திரை டிப்ஸ் கேட்டால் கூச்சப்படாமல் 'இல்லை' தொடலாம். ஒரு தட்டு இருவருக்குப் போதும், மீந்ததைப் பெட்டியில் கட்டித் தருவார்கள்.

அந்தப் பெட்ரோல் பங்க்குக்கு ஒரு மணி நேரம் அதிகம் என்கிறீர்கள். எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. பக்கீஸ் 1982-இல் டெக்சஸில் தொடங்கியது, பீவர் என்ற பிராணி தொப்பி போட்டுச் சிரிப்பது அதன் சின்னம். நீங்கள் பார்க்கப்போவது டென்னசி செவியர்வில்லில், 40-ஆம் சாலையின் 407-ஆம் எக்ஸிட்டில் 2023-இல் திறந்தது. கட்டடம் மட்டும் 74,000 சதுர அடி. தஞ்சாவூர்க் கணக்கில் சொன்னால் ஐந்து மா நிலம் முழுக்கக் கூரை! பெட்ரோல் போடும் இடங்கள் 120. அடுத்த ஆண்டே டெக்சஸ் லூலிங்கில் இதைவிட ஆயிரம் சதுர அடி பெரிதாக ஒன்று கட்டி அவர்களே தங்கள் சாதனையை உடைத்துக்கொண்டார்கள். பெரிய லாரிகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. நம் ஊரில் பஸ் நிறுத்தும் மோட்டல் கழிப்பறையை நினைத்து நடுங்குகிறவர்கள் இங்கே போய்ப் பார்க்க வேண்டும். டெக்சஸில் உள்ள அவர்களுடைய கடை ஒன்று சிறந்த கழிப்பறைக்கான பரிசே 2012-இல் வாங்கியிருக்கிறது. எந்த வேலைக்கு மணிக்கு எவ்வளவு சம்பளம் என்று வாசலிலேயே எழுதிப்போட்டிருப்பார்கள், உங்கள் கணவர் நின்று படிப்பார்.

நடுவில் இறைச்சியை வெட்டிக்கொண்டு சத்தம் போடும் மேடை இருக்கும், அந்தப் பக்கம் வாடை வரும், சுற்றிக்கொண்டு போங்கள். சர்க்கரைப் பாகில் புரட்டிய சோளப் பொரி, வறுத்த பீக்கன் பருப்பு, பால்கோவா மாதிரி வில்லை போட்ட ஃபட்ஜ் எல்லாம் வாங்கலாம். சுவர் முழுக்கத் தொங்கும் கம்மி மிட்டாயில் ஜெலட்டின் இருக்கும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், அவ்வளவு பெரிய கடையில் உட்கார்ந்து சாப்பிட ஒரு நாற்காலி கிடையாது. வாங்கியதைக் காரில் வைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

ரைஸ் குக்கர் விஷயத்தில் உங்கள் கணவர் பக்கம் நான் பாதிதான். பல விடுதிகளில் அறையில் சமைக்கத் தடை உண்டு, ஆவி பட்டுப் புகை மணி அலறினால் மகனுக்குத்தான் அவமானம். குக்கர் இல்லாமல் முடியாது என்றால் சமையலறையோடு வரும் விடுதியாக முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கிளம்பும் நாளுக்குப் புளியோதரை கட்டுங்கள், அது கெடாது. சாப்பிட நல்ல இடம் முதலில் சொன்ன அரசு ஓய்விடங்கள்தான். கடை இல்லாததால் கூட்டம் இல்லை. மரத்தடி மேஜை, சுத்தமான கழிப்பறை, தண்ணீர், ஒரு தானியங்கி நொறுக்குத் தீனி இயந்திரம் இருக்கும். பிளாஸ்க்கில் காபி இருந்தால் அந்த அரை மணி நேரம் வாவாவிலும் கிடைக்காது, பக்கீஸிலும் கிடைக்காது.

நாள் மிஞ்சி டென்னசியின் தெற்கு எல்லையில் உள்ள சாட்டனூகா வரை போவதாக இருந்தால் பட்டியலில் இல்லாத ஒரு கடையை நான் சேர்ப்பேன்: அலபாமா ஸ்காட்ஸ்பரோவில் 'அன்க்ளெய்ம்டு பேகேஜ்'. விமானத்தில் தொலைந்து, மாதக்கணக்கில் தேடியும் உடையவர் கிடைக்காத பெட்டிகளை மொத்தமாக வாங்கி, உள்ளே இருப்பதை எடுத்து விற்கிறார்கள். 1970-இலிருந்து நடக்கிறது. உங்கள் உறவில் யாருக்காவது பெட்டி தொலைந்திருந்தால் பட்டுப்புடவைப் பக்கம் ஒரு பார்வை விடுங்கள்.

கடைசியாக மலை. ஸ்மோக்கி தேசியப் பூங்காவுக்குள் ரெஸ்டாரண்ட் இல்லை, பெட்ரோல் பங்க்கும் இல்லை. நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆனால் கால் மணி நேரத்துக்கு மேல் வண்டியை நிறுத்த 2023-இலிருந்து பார்க்கிங் சீட்டு வாங்க வேண்டும். அன்றைக்குக் காலையிலேயே டாங்கை நிரப்பிவிட்டு, மதியத்துக்குத் தயிர்சாதம் எடுத்துக்கொண்டு ஏறுங்கள். அந்த ஒரு நாள் பட்டியல் போடும் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் மறுக்கமாட்டார்கள்.