அழகர் ஆற்றில் இறங்கிய அன்று வராத எட்டுப் பேர்

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செல்லூர்ப் பக்கம் 30 சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதப் பராமரிப்பு சொல்லிக்கொடுத்து, முன்னும் ஒரு வாரம் கழித்தும் மதிப்பெண் எடுத்தேன். போஸ்ட்-டெஸ்ட் நாள் சித்திரைத் திருவிழாவில் மாட்டிக்கொண்டது. 22 பேர்தான் வந்தார்கள். பி வேல்யூ 0.08; 0.05-க்குக் கீழே இருக்க வேண்டுமாம். கல்லூரி எதிரே ப்ராஜெக்ட் சென்டர் வைத்திருப்பவர், “எட்டு ஃபார்மை நாமளே நிரப்பிடலாம், 0.001 வந்துடும். சிடிஆர்ஐ (மருத்துவ ஆய்வுகளைப் பதியும் அரசுப் பதிவேடு), பைண்டிங், ஜர்னல் எல்லாம் சேர்த்து 18,000” என்கிறார். கைடும் “எப்படியாவது முடிச்சுக் கொடும்மா” என்கிறார். என்ன செய்வது? — வாசகி, மதுரை

பதில்: அந்த எட்டு ஃபார்மைத் தொடாதீர்கள். 22 பேரை வைத்தே எழுதுங்கள். பி குறையாவிட்டால் ஃபெயில் என்று ஹாஸ்டலில் ஓடும் பேச்சை நம்ப வேண்டாம்.

நீங்கள் சொல்லிக்கொடுத்ததில் ஒரு பலனும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ ஒரு வித்தியாசம் தற்செயலாகத் தென்பட நூற்றுக்கு எட்டு வாய்ப்பு உண்டு. 0.08 சொல்வது இவ்வளவுதான். ‘பலனில்லை என்று நிரூபணம்’ என்று அதற்கு அர்த்தம் கிடையாது. 0.05 என்பது 1925-ல் புள்ளியியலாளர் ஃபிஷர் வசதிக்காகப் போட்ட கோடு. நம்மவர்கள் அதை எல்லைக்கல்லாக நட்டுவிட்டார்கள்.

ரிசல்ட் பகுதியில் முதலில் எழுத வேண்டியது: 30 பேர் தொடங்கினார்கள், 22 பேர் முடித்தார்கள், எட்டுப் பேர் திருவிழாவால் வரவில்லை. அடுத்து, அந்த எட்டுப் பேரின் ப்ரீ-டெஸ்ட் மதிப்பெண்ணை மற்றவர்களுடையதோடு ஒப்பிடுங்கள். அவர்கள் ஏற்கெனவே பின்தங்கியவர்கள் என்றால், வந்தவர்களை மட்டும் பார்த்துக் கிடைத்த உயர்வு சற்று மிகையாக இருக்கலாம். அதையும் எழுதுங்கள். சராசரி எவ்வளவு உயர்ந்தது, அதன் 95 சதவீத கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் (உண்மையான உயர்வு இருக்கக்கூடிய வரம்பு) எது என்று போடுங்கள். ஒப்பிட இன்னொரு குழு இல்லை என்பதை லிமிட்டேஷனில் ஒளிக்காமல் சொல்லுங்கள். இதற்கு ஒரு பக்கம் போதும்.

நிரப்பிய ஃபார்ம் தெரியாது என்று நினைக்கிறீர்களா? எக்ஸ்டர்னலாக, அதாவது வெளித்தேர்வாளராகப் போன இடத்தில் ஒரு மாணவியின் ஃபார்ம் கட்டைப் பிரித்தேன். முப்பது ஃபார்மிலும் ஒரே பேனா, ஒரே சாய்வில் டிக். வயதெல்லாம் 35, 40, 45, 50. ரத்த அழுத்தம் எல்லாமே 0-வில் முடிந்தது. ‘மதுரையில் ஒரு மருத்துவமனை’ என்று தலைப்பு, மூன்றாம் அத்தியாயத்தில் சேலம்! கடைக்காரர் பழைய தீசிஸில் ஊரை மாற்ற மறந்துவிட்டார். வைவாவில் அழுதது அந்த மாணவிதான், கடைக்காரர் இல்லை.

சிடிஆர்ஐ பதிவுக்குக் கட்டணமே கிடையாது, நீங்களே ஆன்லைனில் செய்யலாம். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிய வேண்டும் என்பது 2018 ஏப்ரலிலிருந்து நடைமுறை. இப்போது ‘பதிஞ்சு தர்றேன்’ என்பவர் எதைப் பதிவார்? ஜர்னல் கதையும் இதுதான். பணம் கட்டிய மூன்றாம் நாள் ‘அக்செப்டட்’ என்று கடிதம் வந்தால், யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். நல்ல ஜர்னல், கெட்ட ஜர்னல் பிரிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியலையும் 2025-ல் கைவிட்டுவிட்டார்கள். பொறுப்பு இப்போது கல்லூரி தலையில். கல்லூரியோ கைடு தலையில் கட்டுகிறது, கைடு உங்கள் தலையில்.

அப்படியானால் காசு கொடுத்து யாரிடமும் போகக் கூடாதா என்று கேட்பீர்கள். ஸ்டாட்டிஸ்டிசியனிடம் போகலாம், தப்பே இல்லை. நோயாளியைப் பார்த்துப் பழகியவர்களுக்குக் கணக்கு வராமல் இருப்பது குற்றமல்ல. ஆனால் எக்செல் ஷீட் நீங்களே டைப் செய்ததாக இருக்கட்டும். எந்த டெஸ்ட், ஏன் என்று அவர் உங்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். சாஃப்ட்வேர் தந்த அவுட்புட்டை முழுதாகக் கேட்டு வாங்குங்கள், வேர்டில் அடித்த டேபிளை மட்டும் வாங்காதீர்கள். நன்றியுரையில் அவர் பெயரைப் போடுங்கள். பெயர் போட வேண்டாம் என்று அவர் சொன்னால் ஷீட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கணக்குப் போட்டுத் தருவதற்குத்தான் கூலி, எண்ணைப் படைத்துத் தருவதற்கு அல்ல.

கைடிடம், ‘எட்டுப் பேர் டிராப்-அவுட், இதோ பட்டியல்’ என்று எழுத்தில் கொடுத்து தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

அந்த எட்டுப் பேருக்கும் போன் போடுங்கள். இப்போது எடுக்கும் மதிப்பெண்ணை ஒரு வாரக் கணக்கில் கலக்காதீர்கள், தனியாகத் தேதி போட்டு வைக்கலாம். கூப்பிடச் சொல்வது அதற்காக இல்லை. திருவிழாக் கூட்டத்தில் எத்தனை பேர் செருப்பில்லாமல் சித்திரை வெயிலில் தார் ரோட்டில் நடந்தார்களோ! பாத உணர்ச்சி மங்கியவர்களுக்குக் கொப்புளம் வந்தாலும் வலிக்காது. வரச்சொல்லி, உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள்.