ஒரே பாடப்புத்தகம், ஒரே அரசாங்கச் சம்பளம்: ஆரம்பப் பாடசாலைகளின் பெறுபேறு மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

கேள்வியின் கடைசியில் "ஆசிரியர்கள் ஒழுங்காகப் படிப்பித்தால் எல்லாப் பாடசாலையும் ஒன்றுதானே?" என்று போட்டிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அநேகமாக நீங்கள் பிள்ளைக்குத் தரம் 1 அனுமதி தேடி அலைகிறவர். பாடசாலைக் கேற்றில் தொங்கும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பதாகைகளைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள்.

நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. முதல் நியமனம் வெருகல் பக்கம், அதிகஷ்டப் பிரதேசம். பிறகுதான் திருகோணமலை நகரத்துக்கு இடமாற்றம் கிடைத்தது. வெருகலில் என் வகுப்பில் அந்தப் பரீட்சையின் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நகரத்தில் முதல் தடவையே பாதி வகுப்புத் தாண்டியது. பெற்றோர் மாலை போட்டார்கள், ஒரு அம்மா சேலைகூட வாங்கித் தந்தார். அதே நான், அதே ஆசிரியர் கைநூல். இடமாற்றக் கடிதத்தோடு எனக்குப் புது மூளையும் வைத்து அனுப்பினார்களா?

வெருகலில் தரம் 3இல் ஒரு பையன். பாடத்தை விரல் வைத்து வரி வரியாக, பிழையே இல்லாமல் வாசிப்பான். ஒருநாள் கையால் பக்கத்தை மறைத்துப் பார்த்தேன். நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனான். அண்ணன் சொல்லக் கேட்டு முழுப்பாடத்தையும் பாடமாக்கி வைத்திருக்கிறான், எழுத்து ஒன்றும் தெரியாது. அவ்வளவு கெட்டிக்காரன்! தாய் வெளிநாட்டில் வீட்டு வேலை, வளர்ப்பது அம்மம்மா. மார்கழியில் மகாவலி பெருகினால் வகுப்பில் பாதிப்பேர் இல்லை. இருக்கிற ரீச்சர்மாரில் ஒருவர் லீவு என்றால் இரண்டு வகுப்பை ஒன்றாக இருத்தி ஒருவரே பார்க்க வேண்டும்.

நகரத்தில் கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிக்கவில்லை, "இது ரியூசனில போன கிழமையே செய்தாச்சு ரீச்சர்" என்று பின்வரிசையில் இருந்து குரல் வரும். அந்தப் பெறுபேற்றில் என் பங்கு எவ்வளவு, ரியூசன் சேரின் பங்கு எவ்வளவு என்று யார் பிரிப்பது?

இன்னொன்றையும் யாரும் யோசிப்பதில்லை. 2006இல் யுத்தத்தால் சம்பூர், மூதூர் கிழக்குச் சனம் இடம்பெயர்ந்தபோது தரம் 3இல் இருந்த பிள்ளைகள் இன்று தாய்மார். அதில் சிலர் படித்ததே கிளிவெட்டி முகாமில். சம்பூருக்கு ஆட்கள் திரும்பிப் போக 2015, 2016 ஆகிவிட்டது. அந்தத் தாயால் பிள்ளையின் வீட்டுவேலைக்கு எவ்வளவு உதவ முடியும்? நகரத்துப் பிரபல பாடசாலையில் சேரக் காணி உறுதி, வாக்காளர் இடாப்பு, பழைய மாணவர் சான்று என்று ஒரு கட்டுத் தாள் வேண்டும். அதைச் சேர்க்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளைதான் உள்ளே வருகிறது. போட்டி தொடங்க முன்னமே ஓட்டம் பாதி முடிந்துவிட்டது.

உடனே "சோம்பேறி வாத்திமாருக்குச் சாக்கு" என்று கீழே எழுத வருவீர்கள், தெரியும். பன்னிரண்டு மணிக்கே பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. நான் சொல்வது எனது கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவில் 1966இல் வந்த கோல்மன் அறிக்கை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பார்த்துவிட்டு, பாடசாலை வசதியைவிட வீட்டுப் பின்னணிதான் பெறுபேற்றோடு கூடப் பொருந்துகிறது என்றது. டிப்ளோமாவுக்குப் படித்தபோது அதை வாசித்து, பக்கத்தில் இருந்தவளை இடித்துக் காட்டினேன். அதற்காக ஆசிரியரால் ஒன்றும் ஆகாது என்று அர்த்தம் இல்லை. அந்தப் பையனுக்கு இடைவேளையில் தனியாக எழுத்துக் காட்டினேன், பிடித்துக்கொண்டான். ஆனால் அடுத்த வருடம் எனக்கு இடமாற்றம். பிறகு வந்தவரும் நிற்கவில்லை என்று கேள்வி. விடிய இருட்டோடு பஸ் ஏறி, பின்னேரம் வீடு வந்து விழுகிறவர் எத்தனை வருடம் நிற்பார்?

   

சரி, உங்கள் பிள்ளைக்கு வருகிறேன். பதாகையில் எத்தனை முகம் என்று எண்ண வேண்டாம். கேற்றடியில் நிற்கிற தாய்மாரிடம் தரம் 1, தரம் 2 ரீச்சர்மார் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அதிபர் சொல்வதைவிட அவர்கள் சரியாகச் சொல்வார்கள்.