ஆறு நாடு வேண்டாம், இரண்டு ஊர் போதும்: ஐரோப்பா பற்றி உங்கள் கேள்விகள்

மே மாத விடுமுறைக்கு மும்பைக் குடும்பங்கள் கணக்குப் போடத் தொடங்கும் நேரம் இது. குறைந்த செலவில் ஐரோப்பா போய்வருவது பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த முறை பதில் எழுதுகிறேன்.

நானும் கணவரும் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். ஒரு சுற்றுலா நிறுவனம் பத்து நாளில் ஆறு நாடு காட்டுவதாகச் சொல்கிறது. நாங்களாகவே போனால் செலவு குறையுமா, கூடுமா? உறவினர்கள் பேக்கேஜ்தான் பாதுகாப்பு என்கிறார்கள்.
— வாசகி, மாட்டுங்கா

அம்மா, அந்த நிறுவனம் தந்த அட்டவணையை எடுத்து, ஒவ்வொரு நாளும் பேருந்துக்குள் எத்தனை மணி நேரம் என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். பத்து நாளில் ஆறு நாடு என்றால் விடிந்ததும் பெட்டி கட்ட வேண்டும், இருட்டிய பிறகு இன்னோர் ஓட்டலில் அவிழ்க்க வேண்டும். அந்த ஓட்டலும் பெரும்பாலும் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில்தான் இருக்கும். நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி டீசலுக்கும் அறை மாற்றத்துக்கும் போகிறது.

இரண்டே ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நான் சொல்வது செக் நாட்டின் பிராகும் ஹங்கேரியின் புடாபெஸ்டும். அறை வாடகை, சாப்பாடு, டிராம் கட்டணம் மூன்றுமே பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், ஜூரிச் போன்ற ஊர்களைவிடக் குறைவு. பிராகில் இறங்கி புடாபெஸ்டிலிருந்து திரும்புவதுபோல் விமான டிக்கெட் எடுங்கள். டிக்கெட் தேடும்போது 'மல்டி சிட்டி' என்று போட்டால் வரும். போன வழியே திரும்பி வரும் செலவும் ஒரு முழு நாளும் மிச்சம். இரண்டு ஊருக்கும் நடுவே ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா வழியாக நேரடி ரயில் உண்டு, ஏறக்குறைய ஏழு மணி நேரம். மூச்சு வாங்கினால் பிராட்டிஸ்லாவாவில் இறங்கி ஓர் இரவு தங்கிக்கொள்ளலாம்.

புடாபெஸ்ட் எனக்கு மிகவும் பிடித்த ஊர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அங்கே 2ஆம் எண் டிராம் டான்யூப் ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. சாதாரண நகர டிக்கெட்டில் நாடாளுமன்றம், சங்கிலிப் பாலம், எதிர்க்கரைக் கோட்டை எல்லாம் ஜன்னலோரமாகவே வந்துபோகும். சுற்றுலாப் படகுக்குத் தனியாகப் பணம் கொடுப்பதற்கு முன் இதில் ஒருமுறை மாலை வெளிச்சத்தில் போய்விட்டு முடிவு செய்யுங்கள். 1896இல் திறந்த மெட்ரோ முதல் தடம் இன்றும் ஓடுகிறது. தரைக்குக் கொஞ்சம் கீழேயே போகிற சின்ன மஞ்சள் பெட்டிகள், வெள்ளை ஓடு பதித்த நிலையங்கள். அதிலேயே போனால் 1913இல் கட்டிய செச்செனி வெந்நீர்க் குளியல் மண்டபத்தில் இறங்கலாம். நுழைவுக் கட்டணம் கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் இந்த ஒன்றில் கைவைத்துச் சேமிக்காதீர்கள். நிலத்தடியிலிருந்து வரும் சூடான தண்ணீரில் கழுத்தளவு நின்றபடி உள்ளூர்ப் பெரியவர்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள். முழங்கால் வலி உள்ள என் கணவரை அங்கிருந்து கிளப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிராகில் கோட்டை வளாகத்துக்குள் நடக்க டிக்கெட் வேண்டாம். உள்ளே இருக்கும் அரண்மனை, தேவாலயத்தின் உட்பகுதி இவற்றுக்குத்தான் வேண்டும். 1357இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்துக்கு விடியற்காலையில் போங்கள். பத்து மணிக்கு மேல் தாதர் பாலத்துக் கூட்டம்தான்.

பாதுகாப்பு என்று உறவினர்கள் சொல்வதற்கும் பதில் இருக்கிறது. இந்த இரண்டு ஊரிலும் டிராமிலும் மெட்ரோவிலும் வயதானவர்கள் தனியாகவே போய்வருகிறார்கள். கூட்டத்தில் பிக்பாக்கெட் உண்டு, பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். தினமும் லோக்கலில் ஏறி இறங்கிய உங்களுக்கு அது பழகிய வேலைதான்.

எந்த நாட்டில் விசா சுலபமோ அங்கே விண்ணப்பித்து, வேறு நாட்டுக்குப் போகலாம் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?
— வாசகர், டோம்பிவிலி

செய்யாதீர்கள், தம்பி. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்றை வைத்துக்கொண்டு எல்லா உறுப்பு நாடுகளுக்கும் போகலாம் என்பது உண்மை. ஆனால் விண்ணப்பிக்க வேண்டியது நீங்கள் அதிக நாள் தங்கப்போகும் நாட்டிடம். எல்லா இடத்திலும் சம நாள் என்றால், முதலில் இறங்கும் நாட்டிடம். ஒரு நாட்டின் விசாவில் இன்னொரு நாட்டிலேயே எல்லா இரவும் தங்கினால் எல்லையில் கேள்வி வரும், அடுத்த விண்ணப்பத்திலும் வரும்.

கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 11 வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பாது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள்.

வங்கிக் கணக்கில் திடீரென்று மாமாவிடம் வாங்கி ஒரு பெரிய தொகையைப் போட்டுக் காட்டாதீர்கள். மாதாமாதம் வரும் சம்பளமும், போகும் செலவும், மெல்ல ஏறும் சேமிப்பும்தான் நம்பிக்கை தரும். முதல் விசாவை ஒழுங்காகப் பயன்படுத்தித் திரும்புவதில் பின்னால் பலன் உண்டு: 2024 ஏப்ரலில் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்காக வந்த விதிப்படி, மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசா பெற்று முறையாகப் பயன்படுத்தியவருக்கு இரண்டாண்டுப் பலமுறை நுழைவு விசா கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

மாமியார் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். கிழக்கு ஐரோப்பாவில் என்ன சாப்பிடுவது? இங்கிருந்தே எல்லாம் எடுத்துப்போகலாமா?
— வாசகி, முலுண்ட்

முதலில் எதை எடுத்துப்போகக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் இறைச்சியோ பால் பொருளோ கொண்டுவரத் தடை இருக்கிறது. ஆகவே நெய் டப்பா, பால்கோவா, பால் பேடா எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பருப்புப்பொடி, மிளகாய்ப்பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த ரவை, அவல், ஊறுகாய் போதும். எண்ணெய் கசியாமல் இரண்டு உறை போட்டு, செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

ஓட்டல் அறைக்குப் பதில் சமையலறை உள்ள சின்ன வீடாக எடுங்கள். நான்கு பேருக்கு அதுவே மலிவு. அரிசி, உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டைக்கோஸ், தயிர் எல்லாம் லிடில், ஆல்டி, போலந்தில் பியட்ரோன்கா மாதிரி கடைகளில் குறைந்த விலையில் கிடைக்கும். அங்கே கிடைக்கும் தயிர் மாமியாருக்குக் கட்டாயம் பிடிக்கும். தாளிக்கும்போது மட்டும் ஜன்னலைத் திறந்துவையுங்கள். புகை எச்சரிக்கை மணி சின்னப் புகைக்கும் அலறும்.

வெளியே சாப்பிட, போலந்தில் 'பார் ம்லெச்னி' என்ற பழைய பாணி மலிவுச் சாப்பாட்டுக் கடைகளைத் தேடுங்கள். அரசு மானியத்தில் நடக்கும் கடைகளும் அவற்றில் உண்டு. தொழிலாளிகள், மாணவர்கள், ஓய்வூதியக்காரர்கள் வரிசையில் நின்று தட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். 'பியெரோகி ருஸ்கியே' என்று கேட்டால் உருளைக்கிழங்கும் பால்கட்டியும் வைத்த கொழுக்கட்டை வரும். மேலே வறுத்த பன்றிக்கொழுப்புத் துண்டுகளைத் தூவுவது வழக்கம் என்பதால் அதை வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மாவில் முட்டை சேர்ப்பவர்களும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். புடாபெஸ்டில் லாங்கோஷ் என்று, தட்டை நிறைக்கும் பெரிய பூரி மாதிரி ஒன்று பூண்டும் சீஸும் தடவிக் கிடைக்கும். எதில் பொரிக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். 'சைவம்' என்று பொதுவாகச் சொல்வதைவிட இறைச்சி, மீன், முட்டை, கொழுப்பு வேண்டாம் என்று அவர்கள் மொழியில் ஒரு சீட்டில் எழுதிக் கையில் வைத்திருப்பது நல்லது. சூப்பில் கறி இல்லை என்பார்கள், ஆனால் கொதிக்கவைத்த தண்ணீர் எலும்புச்சாறாக இருக்கும்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் போனால் நன்றாக இருக்குமா?
— வாசகர், போரிவிலி

விளக்கு அலங்காரச் சந்தைகள் அழகுதான், ஆனால் அந்த வாரத்தில் அறை வாடகை ஏறிவிடும், 25ஆம் தேதி பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், மாலை நான்கு மணிக்கே இருட்டும். சந்தைகள் நவம்பர் கடைசியிலேயே தொடங்கிவிடுகின்றன. டிசம்பர் முதல் வாரம் போங்கள்.

தாராவியில் தோல் பை செய்யும் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். மூன்று வருடமாகச் சேர்த்த பணம் இருக்கிறது. தனியாக ஒரே ஒரு ஊர் பார்க்க வேண்டும் என்றால் எது?
— வாசகி, தாராவி

உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். போலந்தில் இருக்கும் கிராகோவ் போங்கள், தங்கச்சி. பழைய நகரை முழுதும் நடந்தே பார்க்கலாம். இடித்த கோட்டைச் சுவர் இருந்த இடத்தில் இப்போது பிளான்டி என்ற பூங்கா நகரைச் சுற்றி வளைந்து கிடக்கிறது, வழி தவறினாலும் அதைப் பிடித்துத் திரும்பிவிடலாம். பெரிய சதுக்கத்து மரியாள் தேவாலயக் கோபுரத்திலிருந்து ஒவ்வொரு மணிக்கும் எக்காளம் ஊதுவார்கள், ராகம் பாதியில் சட்டென்று நிற்கும். ஊருக்கு வெளியே வியெலிச்கா உப்புச் சுரங்கம். ஏறக்குறைய எழுபது கிலோமீட்டரில், நாஜிகளின் வதைமுகாமாக இருந்த அவுஷ்விட்ஸ் நினைவிடம். அங்கே நுழைவு இலவசம், நேரச் சீட்டை முன்பதிவு செய்ய வேண்டும். அன்று வேறு எதையும் திட்டத்தில் வைக்காதீர்கள்.

பெண்கள் மட்டும் பலர் சேர்ந்து தங்கும் அறை உள்ள ஹாஸ்டல்கள் உண்டு, சதுக்கத்திலிருந்து நடக்கும் தூரத்தில் பாருங்கள். மலிவு விமானத்தில் ஏறுவதாக இருந்தால் இலவசமாக அனுமதிக்கும் பை ஏறக்குறைய 40×30×20 சென்டிமீட்டர்தான். அளவு மீறினால் வாசலில் வாங்கும் தொகை டிக்கெட்டைவிட அதிகமாகலாம். பட்டறையிலேயே அந்த அளவுக்கு ஒரு பை தைத்துக்கொள்ளுங்களேன். சில மலிவு நிறுவனங்கள் நம் போன்ற வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர்களின் விசாவைப் பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே கவுண்டரில் பார்க்கும், அதைத் தவறவிடாதீர்கள்.

போலந்தில் பணம் ஸ்லாட்டி, யூரோ இல்லை. ஏடிஎம்மிலோ கடையிலோ கார்டு போட்டால் 'ரூபாயிலா, ஸ்லாட்டியிலா' என்று திரையில் கேட்கும். எப்போதும் ஸ்லாட்டி என்றே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் நிறையப் பிடித்துக்கொள்வார்கள். டிராமில் காகித டிக்கெட் வாங்கினால் ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட்டுக்கும் அபராதம் உண்டு.

அப்பாவுக்கு 72 வயது. வாழ்நாள் ஆசை பாரிஸ். செலவைக் குறைக்க புடாபெஸ்டுக்கு மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறோம்.
— வாசகர், செம்பூர்

மாற்றாதீர்கள். அவர் ஆசைப்பட்டது பாரிஸ், அதையே காட்டுங்கள். நாளைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஊரை மாற்ற வேண்டாம். நான்கு இரவு போதும். தீப்பிடித்த நோத்ர-தாம் பேராலயம் 2024 டிசம்பரில் மறுபடி திறந்தது, உள்ளே போகக் கட்டணமில்லை. சாக்ரே-கர் தேவாலயமும் அப்படியே. நகராட்சி நடத்தும் பெத்தி பாலே, கார்னவாலே அருங்காட்சியகங்களில் நிரந்தரக் காட்சி இலவசம். ஐஃபெல் கோபுரத்தின் மேலே ஏற்றுவதற்கு வரிசையில் நிற்க வைக்காமல், எதிரே ட்ரொக்காதெரோ மேடையிலிருந்து காட்டினாலே அவர் முகம் மலர்ந்துவிடும்.

பாரிஸ் மெட்ரோவில் பல நிலையங்களில் லிஃப்ட் கிடையாது, படிதான். அப்பாவைப் பேருந்திலேயே கூட்டிப்போங்கள். 69ஆம் எண் பேருந்து ஐஃபெல் கோபுரப் பக்கத்திலிருந்து லூவர், பாஸ்டீல் வழியாகப் போகிறது. ஏப்ரலில் கிளம்புவதானால் ஜனவரியிலேயே விசா மையத்தில் நேரம் குறித்துவிடுங்கள். மார்ச் வந்துவிட்டால் மே விடுமுறைக் கூட்டம் மும்பை மையங்களில் சேர்ந்துவிடும், உங்களுக்கு வேண்டிய தேதி கிடைக்காது.