கம்பு வாடினால் வேரைத் தோண்டிப் பாருங்கள்

கேள்வி: கம்புக்கு 50 நாள் ஆகிறது. மண்ணில் ஈரம் இருந்தும் நடுப்பகலில் வாடுகிறது. தூரடியில் வெள்ளைப் பூவோடு சின்னச் சின்னச் செடிகள். மருந்துக் கடையில் வேரழுகல் என்று சொல்லி இரண்டு முறை பூஞ்சணக்கொல்லி கொடுத்தார்கள். மூன்றாவது முறையும் அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்வது சுடுமல்லி, பயிரின் வேரில் ஒட்டிச் சத்தை உறிஞ்சும் களை. பூஞ்சணக்கொல்லிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு தூரை மண்ணோடு தோண்டி, தண்ணீரில் மெல்ல அலசுங்கள். அந்தச் செடியின் வேர் கம்பு வேரில் ஒட்டியிருப்பது தெரியும். இவ்வளவுதான் சோதனை. ஆனால் வயலை மிதிக்காமலே நோயைச் சொல்பவர்தான் மருந்தையும் விற்கிறார். வந்து பார்க்க வேண்டிய அலுவலரோ அறுவடைக்குப் பிறகு படிவத்தோடு வருவார்.

மண்ணுக்கு மேலே தலைகாட்டும் முன்பே அது பல வாரம் உறிஞ்சிவிடும். போன விளைச்சல் திரும்பாது. இனி விதை விழாமல் பார்ப்பதுதான் வேலை. காய் முற்றுமுன் கையால் பிடுங்கி, சாக்கில் கட்டி எடுத்துப்போய் எரியுங்கள். வரப்பில் போடாதீர்கள். மாட்டுக்கும் போடாதீர்கள், சாணத்தோடு விதை உயிருடன் வயலுக்கே திரும்பும். ஒரே செடி பல்லாயிரம் விதை உதிர்க்கும். தூசி போன்ற அந்த விதை 10 ஆண்டுக்கு மேலும் மண்ணில் கிடக்கும்.

பிடுங்கி மாளாவிட்டால் 2,4-டி சோடியம் உப்பு என்ற களைக்கொல்லி, லேபிளில் உள்ள அளவில், கம்பின் மேல் படாமல் களையின் மேல் மட்டும். ஊடுபயிராகத் தட்டைப்பயறோ துவரையோ இருந்தால் அதுவும் கூடாது. பக்கத்து வயலில் பருத்தி, வெண்டை, தக்காளி இருந்தாலும் கூடாது. காற்று அந்தப் பக்கம் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். கழுவிவிட்டோம் என்று அதே தெளிப்பானைப் பருத்திக்குக் கொண்டுபோகாதீர்கள். குழாயில் தங்கிய சொச்சமே இலையைச் சுருட்டிவிடும். தனித் தெளிப்பான் வையுங்கள், இரவல் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அடுத்த பருவத்தில் அந்த வயலில் கம்பு, சோளம், மக்காச்சோளம் எதுவும் வேண்டாம். தட்டைப்பயறு, நிலக்கடலை அல்லது பருத்தி போடுங்கள். இவற்றின் வேர்க்கசிவு சுடுமல்லி விதையை முளைக்க வைக்கும்; ஒட்டிக்கொள்ள வேர் கிடைக்காமல் முளை செத்துவிடும். ஒரு பருவத்தில் தீராது. தழைச்சத்துக் குறைந்த மண்ணில்தான் இது கொழிக்கும் என்பதால் மட்கிய தொழுவுரத்தைக் குறைக்காதீர்கள்.

‘நோய் எதிர்ப்பு ரகம்’ என்று அடுத்து ஒரு பையை நீட்டுவார்கள். எந்த நோய் என்று கேளுங்கள். கம்பில் பெரும்பாலும் அடிச்சாம்பல் நோயைத்தான் சொல்வார்கள்; கிலோ விதைக்கு 6 கிராம் மெட்டலாக்சில் என்ற பூஞ்சணக்கொல்லி கலக்கும் விதை நேர்த்தியும் அதற்குத்தான். சுடுமல்லிக்கு இரண்டும் உதவாது. சான்றட்டை இல்லாமல் மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுக்கும் தானியத்தை விதையாக வாங்கினால், தூசியோடு சுடுமல்லியையும் சேர்த்தே வாங்குகிறீர்கள்.