பழங்காசு கேள்வி-பதில்: தேய்ந்த ரூபாய், தேயாத ஐயம்

கேள்வி: ஐயா, எங்கள் அம்மாயியின் காசுமாலையிலிருந்து பிரித்தெடுத்த விக்டோரியா வெள்ளி ரூபாய் ஒன்று என்னிடம் உள்ளது. 1862 என்ற ஆண்டு தெளிவாகத் தெரிகிறது. அரசியின் முகம் ஏறக்குறைய மழுங்கிவிட்டது. பாலக்காட்டில் ஒரு நகைக்கடையில் நிறுத்தபோது 11.21 கிராம் இருந்தது. 'எடையும் இல்லை, ஓசையும் இல்லை, டூப்ளிகேட்' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பொள்ளாச்சியில் பழங்காசு வாங்கும் ஒருவரோ, பார்த்த உடனே விலை கேட்டார். இருவரில் யாரை நம்புவது?
— வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: விலை கேட்டதும் சான்றாகாது, எடை குறைந்ததும் சான்றாகாது. அக்கால ரூபாய் அச்சுச்சாலையை விட்டு வந்தபோது 11.66 கிராம் எடை கொண்டிருந்தது. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, மீதி செம்பு. உங்கள் காசு ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு எடையை இழந்திருக்கிறது. பல கைகள் மாறி, பிறகு ஒரு கழுத்தில் ஆண்டுக்கணக்கில் உராய்ந்த காசுக்கு இது இயல்பே. தேய்மானம் உண்டு என்பதை அரசே ஏற்றிருந்தது: 1906ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, உரிய எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் குறைந்த வெள்ளி ரூபாயை வாங்க மறுக்கலாம் என்றிருந்தது. அன்று செல்லாது என்றுதான் மறுத்தார்களே ஒழிய, போலி என்று அல்ல.

ஓசையைப் பொறுத்தவரை, காசுமாலையில் வளையம் பற்றவைத்த இடத்தில் ஈயமோ, பற்றவைக்கப் போட்ட பொடியோ ஒட்டியிருந்தாலும், உள்ளே மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலும், கணீரென்ற ஒலி அடங்கிவிடும். ஓசை நன்றாக இருந்தால் ஓரளவு துணை. இல்லாவிட்டால் அதனால் எதுவும் முடிவாகாது.

நீங்கள் முதலில் பார்க்கவேண்டியது, காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அல்ல, எங்கே தேய்ந்திருக்கிறது என்பதை. உண்மையாகப் புழங்கிய காசில் மேடான இடங்களே முதலில் மழுங்கும்: கன்னம், காதுக்கு மேலுள்ள கூந்தல், கிரீடத்தின் முனைகள், விளிம்பு. பள்ளத்தில் இருக்கும் எழுத்தின் அடிப்பகுதி, விளிம்பை ஒட்டிய மூலைகள், பூவேலைப்பாட்டின் இடுக்குகள் ஆகியவை கூர்மையை நெடுநாள் காத்துக்கொள்ளும். வார்ப்புப் போலியில் மேடும் பள்ளமும் ஒரே அளவாக மழுங்கியிருக்கும்; ஏற்கெனவே தேய்ந்த காசிலிருந்து எடுத்த அச்சு என்பதால், எழுத்தின் அடிகூட மெழுகு உருகியதுபோல் வழிந்து நிற்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் தளத்தில் ஊசிக்குத்துப் போன்ற குழிகளோ, உப்பிய சிறு மணிகளோ தெரிந்தால் அது வார்ப்புக்கு அடையாளம். விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்: நேர்க்கோடுகள் சில இடங்களில் தேய்ந்து மறைந்திருக்கலாம், ஆனால் சுற்றிலும் ஓடும் இணைப்புக் கோடோ, அதை அரம்போட்டு மறைத்த சுவடோ இருக்கக் கூடாது. முலாம் பூசியதாக இருந்தால், தேய்ந்த கன்னத்திலும் விளிம்பிலும் உள்ளிருக்கும் சிவப்போ மஞ்சளோ எட்டிப்பார்க்கும். அவ்வகையில் தேய்மானம் நமக்கு உதவியே செய்கிறது. ஆனால் விக்டோரியா காலத்திலேயே கள்ளக்காசு வார்த்தவர்கள் இருந்தார்கள். அந்தக் காசுகளும் புழங்கித் தேய்ந்தவைதான். ஆகவே தேய்ந்தது என்பதனாலேயே ஒன்றை உண்மை என்று கொள்ளவும் முடியாது.

ஆண்டும் பட்டமும் பொருந்துகின்றனவா என்பதையும் பாருங்கள். 1862 என்று பொறித்த ரூபாயில் 'விக்டோரியா குயின்' என்றே இருக்க வேண்டும். 'எம்பிரஸ்' என்ற பட்டம் 1877 முதல்தான் நாணயத்தில் வந்தது. அந்த 1862 என்ற ஆண்டையே மாற்றாமல் பத்தாண்டுக்கும் மேலாக அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதால் இக்காசு அரிதானதும் அல்ல. வாங்க வருபவர் 'அபூர்வம்' என்று பேசினால் அதை இந்தக் கணக்கோடு சேர்த்துக் கேளுங்கள்.

முடிவைச் சொல்லவல்லது அடர்த்திச் சோதனை. காசு தேய்ந்தால் எடை குறையும், அடர்த்தி குறையாது. கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சிறிய தராசில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றிய டம்ளரை வைத்து, அளவைச் சுழியாக்கி, மெல்லிய நூலில் கட்டிய காசை அடியிலும் பக்கத்திலும் படாமல் நீரில் முழுவதும் மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுங்கள். உங்கள் 11.21 கிராம் காசு நல்ல வெள்ளியாக இருந்தால் தராசு 1.09க்கு அருகில் நிற்கும், வகுத்தால் 10.3 கிட்டும். ஜெர்மன் சில்வர் எனும் நிக்கல் கலவையானால் 1.30 அளவில் நிற்கும். காசில் காற்றுக்குமிழி ஒட்டினால் கணக்குத் தவறும். பற்றவைத்த பொடி மிகுதியாக இருந்தாலும் சற்று மாறும். காந்தம் ஒட்டினால் உங்கள் காசு வெள்ளி அன்று. ஆனால் இதையே 1947 ரூபாய்க்கும் பொருத்திவிடாதீர்கள். அது நிக்கல் காசு, உண்மையானதும் காந்தத்தில் ஒட்டும்.

உரைகல்லில் உரைக்கவோ அமிலத்துளி விடவோ யாரையும் அனுமதிக்க வேண்டாம். நகைக்கடையில் உலோகத் தரம் பார்க்கும் எக்ஸ்-கதிர் இயந்திரம் காசைக் கீறாது. ஆனால் மேற்பரப்பை மட்டுமே படிப்பதால் தடித்த முலாமில் ஏமாறும். புளி, விபூதி, பற்பசை எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். இத்தனைக்கும் பிறகு அது உண்மை என்றே தேறினாலும், மழுங்கிய முகமும் வளையத் தழும்பும் உள்ள காசுக்கு வெள்ளி விலைக்கு மேல் பெரிதாகக் கிடைக்காது. அம்மாயியின் மாலைக் காசை அந்த விலைக்கு விற்பானேன் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

கேள்வி: 1818ஆம் ஆண்டு, ராமர் பட்டாபிஷேகம், கிழக்கிந்தியக் கம்பெனி அரை அணா என்று பொறித்த செம்புக்காசு ஒன்றை, அரிசியை இழுக்கும் சக்தி உடையது என்று கூறி, வெளிநாட்டுக்குக் கோடிக்கு விற்கலாம் என்கிறார்கள். முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
— வாசகர், செங்கோட்டை

பதில்: கொடுக்க வேண்டாம். சென்னை மாகாணத்தில் கம்பெனி வெளியிட்ட வராகன்களில் திருமால் உருவமும் கோபுரமும் உண்டு. மோசடிக்காரர்கள் அந்த உண்மையின் நிழலில்தான் நிற்கிறார்கள். பட்டாபிஷேகம் பொறித்த அரை அணாவைக் கம்பெனி வெளியிட்டதில்லை. இராமடங்கா என்று வழங்கும் வழிபாட்டுக் காசுகள் வேறு. அவை பூசைக்கு உரியவை, நாணயம் அல்ல. செம்பு எதையும் இழுக்காது. அரிசியில் இரும்புத்தூளைப் பூசி, அடியில் காந்தத்தை மறைத்தால் எந்தக் காசும் 'இழுக்கும்'. மேலும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த காசைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எனவே காசு பழையதே என்று வைத்துக்கொண்டாலும், அவர்கள் சொல்லும் வெளிநாட்டு விற்பனை சட்டத்துக்கு விரோதம். உங்களிடம் கேட்ட தொகையையும் பேசிய எண்களையும் குறித்துக் காவல் நிலையத்தில் கொடுங்கள்.