மரப்பொம்மை வாங்கினால் உருவத்தின் அளவு சரியாகுமா?

இந்த வாரம் வந்த கேள்விகளில் நான்கு, மனித உருவம் வரையப் பழகுவதைப் பற்றியவை. நான்கும் வேலூர்ப் பக்கத்திலிருந்தே வந்திருப்பதால் ஒன்றாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பூ, மரம், வீடு எல்லாம் அச்சாக வரைவாள். ஆள் வரைந்தால் மட்டும் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் வந்துவிடுகிறது. போனில் என்னைப் படம் பிடித்து, அதைப் பார்த்து வரைகிறாள், அதிலும் அப்படித்தான். கைகால் மடங்கும் 12 அங்குல மரப்பொம்மை, 24 பென்சில், ஒரு புத்தகம் எல்லாம் சேர்த்து 2,999 ரூபாய் என்று விளம்பரம் வருகிறது. ‘இன்னும் 10 நிமிடத்தில் சலுகை முடிகிறது’ என்று கடிகாரம் வேறு ஓடுகிறது. சீட்டுப் பணம் கையில் இருக்கிறது. வாங்கித் தரட்டுமா? — குடியாத்தத்திலிருந்து ஒரு தாய்

பதில்: வேண்டாம் அம்மா. சீட்டுப் பணம் அப்படியே இருக்கட்டும்.

முதலில் அந்தக் கடிகாரம். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு நாளைக் காலையில் திறந்து பாருங்கள். மறுபடியும் பத்து நிமிடத்திலிருந்து ஓடினால் அது உங்களை யோசிக்க விடாமல் செய்வதற்காக வைத்த கடிகாரம். இல்லாத அவசரத்தை இருப்பதாகக் காட்டி விற்பதை, 2023 நவம்பர் 30 அன்று வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் தடை செய்திருக்கின்றன. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அங்கே வாங்க மாட்டேன்.

அடுத்தது பொம்மை. நீங்களே ஒரு கையை மேலே தூக்கிக் கண்ணாடியில் பாருங்கள். தோளும் கூடவே ஏறுகிறது, விலாப்பக்கம் இழுபடுகிறது. மரப்பொம்மையில் கை மட்டும்தான் ஏறும், தோள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு காலில் பாரம் போட்டு நிற்கும்போது நம் இடுப்பு சாய்வதுபோல அது சாயாது. அதன் உயரமும் ஒரு வளர்ந்த ஆளின் அளவில் செய்தது. வீட்டில் சின்னப் பையன் இருந்தால், அவனை வரைய அது உதவாது. வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, நிழல் எங்கே போகிறது என்று பார்க்கலாம். அதற்கு ஒரு சொம்பு போதும்.

சரி, தலை ஏன் பெரிதாகிறது? பழகுகிற எல்லோருக்கும் இதுதான் நடக்கிறது. நாம் மனிதரைப் பார்க்கும்போது முகத்தைத்தான் பார்க்கிறோம், அதனால் கை அதைப் பெரிதாகப் போடுகிறது. தாளின் மேலே தலையில் ஆரம்பித்து ஆசை ஆசையாகக் கண், மூக்கு என்று இறங்கினால், முட்டிக்கு வருவதற்குள் தாள் தீர்ந்துவிடும். மிச்சமிருக்கும் இடத்தில் காலை மடக்கித் திணிக்க வேண்டியதுதான்.

இதற்கு மருந்து ஒரு நூல்கண்டு. இன்று சாயங்காலம் செய்து பாருங்கள். நீங்கள் சுவரை ஒட்டி நேராக நில்லுங்கள். மகள் ஒரு நோட்டை உங்கள் உச்சந்தலையில் படுக்கையாக வைத்துச் சுவரில் சாக்பீஸால் கோடு போடட்டும். அப்படியே மோவாய்க்குக் கீழே வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் உள்ள நீளத்துக்கு நூலை வெட்டி, அந்த நூலால் சுவரில் தரை வரைக்கும் அளந்து எண்ணட்டும். ஏழும், அதற்கு மேல் கொஞ்சமும் வரும். ஓவியர்கள் ‘ஏழரைத் தலை’ என்று சொல்வது இதைத்தான். படத்தில் கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்றால் எட்டுத் தலை வைப்பார்கள். அப்புறம் சின்னப் பையனை நிறுத்தி, அவன் தலையளவுக்கு வேறு நூல் வெட்டி எண்ணுங்கள். ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு ஆறைத் தொடாமலே நின்றுவிடும். பெரிய ஆளைச் சின்னதாக வரைந்தால் குழந்தை ஆகாது என்பது அந்த ஒரே நிமிடத்தில் அவளுக்குப் புரிந்துவிடும்.

அதே சுவரில் பாதி உயரத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு அந்தப் பாதி, தொடை பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில் வரும். இங்கேதான் நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். சேலையில் கொசுவம் செருகுவது தொப்புள் பக்கம், லுங்கி முடிச்சும் அங்கேதான். கண் அதையே ‘இடுப்பு, பாதி’ என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையான பாதி அதற்குக் கீழே ஒரு சாண் தள்ளி, துணிக்குள் இருக்கிறது. துணிக்குள்ளே கால் எங்கே பிரிகிறது, முட்டி எங்கே வருகிறது என்று லேசாகக் குறித்துக்கொண்டு அதன்மேல் மடிப்பைப் போட்டால் ஆள் சரியாக நிற்பார்.

ஆகவே வரிசை இதுதான்: தாளில் முதலில் உச்சிக்கு ஒரு கோடு, பாதத்துக்கு ஒரு கோடு, நடுவில் பாதிக் கோடு. தலை வட்டம் அதற்குப் பிறகு. கண்ணும் மூக்கும் கடைசியில். கண்கூட முகத்தின் மேல்பக்கம் இல்லை, உச்சிக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் இருக்கிறது. உள்ளங்கையை மோவாயில் ஊன்றி முகத்தில் வைத்தால் நடுவிரல் முடி ஆரம்பிக்கும் இடத்தைத் தொடும். கையைச் சின்னதாகப் போடுகிற பழக்கம் அதைப் பார்த்தால் போய்விடும்.

உங்கள் கடிதத்தில் சொன்ன போன் படமும் ஒரு காரணமாக இருக்கலாம். கிட்டத்தில் நின்று, கண் உயரத்தில் போனைப் பிடித்துக் கொஞ்சம் கீழே சாய்த்து எடுத்தால் தலை கேமராவுக்குக் கிட்டே, பாதம் தூரத்தில். படத்திலேயே தலை பெருத்துக் கால் சிறுத்துப்போகும். அப்படி இருந்தால் அவள் சரியாகப் பார்த்துத் தவறான படத்தை வரைந்திருக்கிறாள், பாவம். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று, படத்தில் நிற்பவரின் இடுப்பு உயரத்தில் போனை நேராகப் பிடித்து எடுக்கட்டும். அதைவிட நல்லது, நீங்கள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆயும்போது உங்களையே நேரில் பார்த்து வரைவது.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் 2பி பென்சில் இரண்டு, ஒரு நல்ல ரப்பர், கோடு போடாத ஏ4 தாள் ஒரு கட்டு. 500 தாள் இருக்கும். ஒரு நாளைக்கு நான்கு உருவம் என்றால் நான்கு மாதத்துக்கு மேல் ஓடும். வார இறுதியில் யாராவது சொல்லிக்கொடுத்தால் தேவலை என்று தோன்றினால், கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் விசாரியுங்கள். 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே ஓவியமும் உண்டு.

கேள்வி: புதிதாக வாங்கிய பென்சில் ஒவ்வொரு முறை சீவும்போதும் முனை உடைகிறது. கடைக்காரர் மாற்றித் தர மாட்டேன் என்கிறார். பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருக்கிறது. — ஆற்காட்டிலிருந்து ஒரு மாணவர்

பதில்: கீழே விழுந்த பென்சிலாக இருந்தால் உள்ளே கரி துண்டு துண்டாகியிருக்கும், அதற்குக் கடைக்காரர் பொறுப்பில்லை. ஒரு டப்பா முழுவதுமே அப்படி என்றால் குறைபாடுள்ள சரக்கு. பில்லில் காலக்கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால், குறைபாடுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ‘திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் அந்த உரிமை போகாது. இதைத் தன்மையாகச் சொன்னாலே பெரும்பாலும் மாற்றித் தந்துவிடுவார்கள். அடுத்த முறை வாங்கும்போது பென்சிலின் அடிமுனையைப் பாருங்கள்: கரி மரத்தின் நடுமையத்தில் இருக்க வேண்டும், ஓரமாக ஒதுங்கியிருந்தால் வேண்டாம். கண்ணாடி மேசையில் உருட்டினால் வளைவும் தெரிந்துவிடும். விலையையும் கவனியுங்கள், 2025 செப்டம்பர் 22 முதல் பென்சிலுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

கேள்வி: தனியார் பயிற்சி மையம் ஒன்றில் ‘ஆளை நேரில் உட்கார வைத்து உருவம் வரையக் கற்றுத்தருகிறோம்’ என்ற நோட்டீஸைப் பார்த்து ஆறு மாதக் கட்டணம் 9,000 ரூபாய் கட்டினேன். இரண்டு மாதம் ஆகிறது. புகைப்படத்தின்மேல் கட்டம் போட்டு நகல் எடுப்பது தவிர வேறொன்றும் நடக்கவில்லை. பணத்தைக் கேட்டால் ‘கட்டியது திரும்பாது’ என்று ரசீதைக் காட்டுகிறார்கள். — காட்பாடி, ஆண், 31

பதில்: கட்டம் போடுவது தப்பான வித்தை இல்லை. சுவரில் பெரிய விளம்பரம் எழுதியவர்கள் அதை வைத்துத்தான் எழுதினார்கள். ஆனால் அது நகல் எடுக்க உதவும், அளவு பார்க்கும் கண்ணைத் தராது. கட்டத்தை எடுத்துவிட்டால் ஆரம்பித்த இடத்திலேயே நிற்பீர்கள். உங்களிடம் சொன்னது வேறு, கொடுத்தது வேறு. அதுதான் சட்டத்தில் சேவைக் குறைபாடு. பயிற்சி மையங்கள் கல்வி நிறுவனக் கணக்கில் வராது, நுகர்வோர் மன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2020-லேயே சொல்லிவிட்டது.

அந்த நோட்டீஸைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் உங்கள் பெரிய சாட்சி. ரசீது, வாட்ஸ்அப் செய்திகள், இரண்டு மாதத்தில் வரைந்த தாள்கள் எல்லாவற்றையும் தேதி போட்டு வையுங்கள். முதலில் மையத்துக்கு ஒரு கடிதம், பதிவுத் தபாலில். மீதி நான்கு மாதக் கட்டணம் 6,000 ரூபாயை 15 நாளுக்குள் தரும்படி கேளுங்கள். நேரில் போய்ச் சத்தம் போட்டால் கையில் ஒரு ஆதாரமும் மிஞ்சாது. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் வேலூரில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இனி எந்த வகுப்பில் சேர்ந்தாலும் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சேருங்கள். ஆசிரியர் பென்சிலைப் பிடித்துக் கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நகர்த்தி அளப்பதைச் சொல்லித்தருகிறாரா என்று கவனியுங்கள். முழங்கை மடங்காமல் இருக்க வேண்டும், மடங்கினால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் அளவு வரும். இதை முதல் வாரத்திலேயே சொல்லித்தருகிறவரிடம் நம்பிக் கட்டணம் கட்டலாம். அதையும் மாதாமாதமே கட்டுங்கள்.

கேள்வி: எனக்கு 66 வயது. தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1981-க்கு முன்பு, மூலவர் இல்லாதிருந்த காலத்திலேயே வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் சிற்பங்களைப் பார்த்து வளர்ந்தவன். இப்போது வரையக் கற்க ஆசை. சிற்ப சாஸ்திர நூல் வாங்குவதா, வெளிநாட்டு உடற்கூறு ஓவியப் புத்தகம் வாங்குவதா? ஒன்றில் ஒன்பது, பத்து என்று கணக்கு, இன்னொன்றில் ஏழரை, எட்டு. எது சரி? — ராணிப்பேட்டை வாசகர்

பதில்: ஐயா, இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டுமே சரிதான், அளவுகோல்தான் வேறு. ஓவியப் புத்தகம் உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை முழுத் தலையை ஓர் அலகாக வைக்கிறது. நம் ஸ்தபதிகளின் ‘தாளம்’ முகத்தின் நீளம், அதாவது முடி விளிம்பிலிருந்து மோவாய் வரை. முகம் தலையைவிடச் சின்னது, அதனால் எண்ணிக்கை கூடுகிறது. நவதாளம் என்னும் ஒன்பது முக உயரமும் ஏழரைத் தலையும் ஏறக்குறைய ஒரே ஆளைத்தான் சொல்கின்றன. ஒரு தாளம் 12 அங்குலம், நவதாளம் 108 அங்குலம். இந்த அங்குலம் கடை அளவுகோலில் உள்ளது இல்லை, சிலையின் உயரத்திலிருந்தே பிரித்து எடுப்பது. சிவன், விஷ்ணு போன்ற பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், அதாவது பத்துத் தாளக் கணக்கிலேயே உயர்ந்த வகை, 124 அங்குலம். பிள்ளையாருக்குப் பஞ்சதாளம், ஐந்தே முகம். குழந்தை உடலுக்கும் பெரிய உடலுக்கும் கணக்கு மாறும் என்பதை அவர்கள் எவ்வளவு தெளிவாகப் பிடித்திருக்கிறார்கள் பாருங்கள்.

புத்தகம் இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். வாங்குவதற்கு முன் மாவட்ட மைய நூலகத்தில் ஓவியப் பகுதியைப் பார்த்துவிடுங்கள். பிறகும் ஒன்று வேண்டும் என்றால் உடற்கூறு ஓவியப் புத்தகம் உங்களுக்கு அதிகம் உதவும். வயதானவர், பருத்தவர், பிள்ளைகள் உடலும் அதில் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வாங்குங்கள். தசை திரண்ட வாலிபர்கள் மட்டும் இருந்தால் நம் தெருவில் ஒருவரையும் வரைய உதவாது.

சிற்பத்திலிருந்து அளவைவிட ஒயிலைக் கற்றுக்கொள்ளுங்கள். சிற்பத்தில் எலும்பு முட்டாது, இடை சிறுத்திருக்கும், தோள் அகன்றிருக்கும். அது தெய்வ உடல். ஆனால் திரிபங்கமாக, அதாவது உடல் மூன்று இடத்தில் வளைந்து நிற்கும் உருவத்தில் எந்தக் காலில் பாரம் இருக்கிறதோ அந்தப் பக்கத்து இடுப்பு உயர்ந்திருக்கும், தோளின் சாய்வு இடுப்பின் சாய்வுக்கு எதிராக இருக்கும். கல்யாண மண்டபத்தில் யாளிகளையும் குதிரை வீரர்களையும் தாண்டி, தூண்களில் இருக்கும் சிறிய உருவங்கள் முன்னால் உட்காருங்கள். ஒரு குச்சி உருவமாக, தோளுக்கு ஒரு சாய்கோடு, இடுப்புக்கு ஒரு சாய்கோடு, நடுவில் வளைந்த முதுகெலும்பு, அவ்வளவு மட்டும் போடுங்கள். ஒன்றுக்கு இரண்டு நிமிடம், பத்து உருவம். அப்புறம் வெளியே வந்து கோட்டைப் பூங்காவில் மரத்தில் சாய்ந்து நிற்கிற ஒருவரைப் பாருங்கள். அதே இரண்டு சாய்கோடுகளும் அவர் சட்டைக்குள் இருக்கும்.