வினிகர் வாடை அடிக்கும் ஃபிலிம் டப்பாக்களை யாரிடம் கொடுப்பது?

“அப்பா எடுத்த 16 எம்எம் ஃபிலிம் 20 டப்பா இருக்கிறது. திறந்தாலே வினிகர் வாடை. எல்லாவற்றையும் டிஜிட்டலாக்கிப் பென் டிரைவில் தருகிறேன் என்கிறார் ஒருவர், கொடுக்கலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம். முதலில் அந்த வாடையைக் கவனியுங்கள். ஃபிலிமின் அடித்தளமான அசிடேட் சிதையும்போது அசிடிக் அமிலம் கசிகிறது, மூடிய டப்பாவுக்குள்ளேயே அது அடைந்து கிடந்து சிதைவை இன்னும் விரட்டுகிறது. இதை நிறுத்த முடியாது, மட்டுப்படுத்தலாம். வாடை வரும் டப்பாக்களை இன்றைக்கே தனியாகப் பிரித்து, சூடும் ஈரமும் குறைவான இடத்தில் படுக்கை வாக்கில் வையுங்கள். பரண் கூடவே கூடாது. எது மோசம் என்று மூக்கை நம்பாமல், அமிலம் பட்டால் நிறம் மாறும் ஏ-டி ஸ்ட்ரிப் என்ற நீலக் காகிதத்தை டப்பாவுக்குள் போட்டுப் பாருங்கள்; நீலம் பச்சையாகி மஞ்சளை நோக்கிப் போகப் போக நிலைமை மோசம், அதுதான் முதலில் ஸ்கேனுக்குப் போக வேண்டும். “ஒரே ஒரு தடவை” என்று புரொஜெக்டரில் மட்டும் ஓட்டிவிடாதீர்கள், சுருங்கிய ஃபிலிம் பற்சக்கரத்தில் பொருந்தாமல் கிழியும்.

சரி, அந்த நபர். சுவரில் படத்தை ஓட்டி அதை வீடியோ எடுத்துவிட்டு ‘டிஜிட்டல்’ என்று பெயர் வைப்பவர்கள் ஏராளம். ஃப்ரேம் ஃப்ரேமாக ஸ்கேன் செய்கிறீர்களா, இயந்திரத்தில் பற்சக்கரம் உண்டா (இருந்தால் சுருங்கிய ஃபிலிமுக்கு ஆபத்து), எம்பி4 தவிர மூலக் கோப்பும் கிடைக்குமா என்று கேளுங்கள். ஓரத்தில் பழுப்புப் பட்டை இருந்தால் அது காந்த ஒலித்தடம், அதையும் எடுப்பாரா என்று கேளுங்கள். “ஃபிலிம் இனி எதற்கு, நாங்களே அப்புறப்படுத்திவிடுகிறோம்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வெள்ளி இருக்கிறது, அதற்காகவே வாங்கிக் கரைத்தவர்கள் உண்டு.

காப்பகங்களில் கேட்கலாமே என்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள். பட்டியல் கொடு, உரிமைக் கடிதம் கொடு, குழு கூடட்டும் என்பார்கள். குழு கூடும்வரை அமிலம் காத்திருக்குமா? டப்பாவைத் திறக்காமலே பதிவேட்டில் ஏற்றி ‘பாதுகாக்கப்பட்டது’ என்று எழுதிய கூத்தெல்லாம் பார்த்தாயிற்று.

ஒன்றே ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நைட்ரேட் என்பது எளிதில் தீப்பிடிக்கும் பழைய வகை ஃபிலிம்; 16 எம்எம் என்றால் அந்தப் பயம் அநேகமாக இல்லை. ஆனால் டப்பாக்களுக்கு நடுவே அகலமான 35 எம்எம் சுருள் ஏதாவது இருந்து, அது 1950களின் தொடக்கத்துக்கு முந்தையது என்றால் தொடாதீர்கள். நைட்ரேட் எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. நைட்ரேட் அல்லாத ஃபிலிமில் அச்சிடும் ‘சேஃப்டி’ என்ற எழுத்து ஓரத்தில் இருக்கிறதே என்று நிம்மதியடையவும் வேண்டாம், அந்த எழுத்து மூலச் சுருளிலிருந்து நகலாகியும் வந்திருக்கலாம். கொளுத்திப் பார்த்துச் சோதிக்கச் சொல்லும் மேதாவிகளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். கூரியரில் அனுப்பாதீர்கள். விஷயம் தெரிந்த ஒருவரை வீட்டுக்கே வரவழைத்துக் காட்டுங்கள்.

அப்புறம், டப்பாவுக்குள் அப்பா எழுதி வைத்த சீட்டு இருந்தால் படம் பிடித்துக்கொண்டு, டப்பாவுக்கும் சீட்டுக்கும் ஒரே எண் போட்டு, சீட்டை வெளியே ஓர் உறையில் வையுங்கள். திரும்ப ஃபிலிமோடு போட வேண்டாம்.